எச் போடலாமா, வேண்டாமா?



சென்ற கமிட்டிக் கூட்டத்துக்கு வராதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கேட்டுக்கு மேலே இருக்கும் நம் பெயர்ப்பலகை போன மழையில் பெயிண்ட் உரிந்து, பாதி எழுத்து போய்விட்டது. புதிதாக எழுதக் கொட்டேஷன் வாங்கினோம். தொகையில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை எழுத்தில்தான் வந்தது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் டி-ஐ என்று தொடங்குவதா, டி-எச்-ஐ என்று தொடங்குவதா? தண்ணீர்த் தொட்டி கழுவும் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. இந்த ஒரு எச் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. கடைசியில் செயலாளர், "பொதுக்குழுவில் சீட்டு கொடுத்து ஓட்டெடுத்துவிடலாம்" என்று முடித்துவைத்தார்.

"இதே எச்சுக்காக ஒரு ஊரே இரண்டு முறை ஓட்டுப் போட்டிருக்கிறது சார்" என்றேன் நான். யாரும் நம்பவில்லை. "அப்படியானால் எழுதிக் கொடுங்கள், அடுத்த இதழில் போடலாம்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பேங்க் கவுண்ட்டரில் கையெழுத்தையும் ஸ்பெல்லிங்கையும் ஒத்துப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். மறுக்க முடியவில்லை. சீட்டில் டிக் அடிக்கும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அந்த ஊர் நியூசிலாந்தில் இருக்கிறது. வடக்குத் தீவின் மேற்குக் கரையில், அதே பெயருள்ள ஓர் ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள வாங்கனுயி நகரம். அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியில் பெரிய முகத்துவாரம் என்பது போல ஒரு பொருள். வெள்ளைக்காரர்கள் 1840 வாக்கில் குடியேறியபோது, தங்களைக் கூட்டிவந்த நியூசிலாந்து கம்பெனியின் டைரக்டர் ஒருவரின் பெயரை ஊருக்கு வைத்துப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. 1854இல் பழைய மாவோரிப் பெயருக்கே திரும்பினார்கள். ஆனால் அதை எழுதும்போது டபிள்யூ-ஏ என்று தொடங்கினார்கள். டபிள்யூவுக்குப் பக்கத்தில் எச் போடவில்லை.

அதற்குக் காரணம் காது. மாவோரி மொழியில் டபிள்யூவும் எச்சும் சேர்ந்தால் நாட்டின் பெரும்பாலான இடங்களில் 'ஃப' போல ஒலிப்பார்கள். இந்த ஆற்றங்கரை மக்கள் அப்படிச் சொல்வதில்லை. 'வ' என்று தொடங்கி, தொண்டையில் ஒரு சின்னத் தடை கொடுத்துச் சொல்வார்கள். வந்தவர்களுக்கு அந்தத் தடை கேட்கவில்லை, 'வ' மட்டும் கேட்டது, கேட்டதை எழுதினார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ரயில் நிலையம், தபால் முத்திரை, பத்திரம், பள்ளிச் சான்றிதழ் என்று அந்த எழுத்து நூற்றைம்பது வருடம் ஓடிவிட்டது.

1991இல் ஆற்றின் பெயரில் எச் சேர்த்தார்கள். ஊரின் பெயரில் சேர்க்கவில்லை. ஆற்றுக்கு ஒரு ஸ்பெல்லிங், அதன் கரையிலிருக்கும் ஊருக்கு இன்னொன்று. இது எத்தனை நாள் ஓடும்? 2006இல் ஊர் மக்களிடம் ஓட்டு எடுத்தார்கள். 55 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், அதில் 82 சதவீதம் எச் வேண்டாம் என்றது. ஆற்றங்கரை மாவோரிகள் விடவில்லை. 2009 பிப்ரவரியில் அவர்களுடைய அமைப்பு, ஊர்ப் பெயர்களை முடிவு செய்யும் அந்நாட்டின் புவியியல் பெயர் வாரியத்துக்கு முறைப்படி விண்ணப்பம் போட்டது. மேயர் மைக்கேல் லாஸ் எச் கூடவே கூடாது என்ற கட்சி. அந்த மே மாதமே மறுபடி ஓட்டு. இந்த முறை 61 சதவீத வாக்குப்பதிவு, 77 சதவீதம் பேர் பழையபடியே இருக்கட்டும் என்றார்கள்.

நம் ஊர் வழக்கப்படி பார்த்தால் விவகாரம் இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. செப்டம்பரில் வாரியம், எச் போடுவதே சரி என்று சொல்லிவிட்டது. பந்து அமைச்சரிடம் போனது. டிசம்பரில் அவர் சொன்ன தீர்ப்பு, பட்டுப்புடவைக் கடையில் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கும் மகன் சொல்வது போன்றது: இரண்டும் சரி, அரசு அலுவலகங்கள் எச் போடட்டும், மற்றவர்கள் இஷ்டம்போல எழுதிக்கொள்ளட்டும். பிறகு ஊரின் மனநிலையும் மெல்ல மாறியது. 2015இல் மாவட்டத்தின் பெயரிலும் எச் ஏறிவிட்டது.

(ஓர் இடைச்செருகல். 2017இல் அந்த ஆற்றையே சட்டப்படி ஒரு நபர் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. கோயில் கணக்கு வழக்கு பார்த்த பேங்க்காரனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நம் சட்டத்தில் கோயில் மூர்த்தி எப்போதோ நபராகி, சொத்தும் வைத்திருக்கிறார்.)

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யூனியன் தேர்தலில் விடிய விடிய ஓட்டு எண்ணியவன் நான். நூற்றுக்கு எழுபத்தேழு பேர் ஒன்றைச் சொல்ல, ஒரு வாரியம் உட்கார்ந்து இன்னொன்றைச் சொன்னால் ஓட்டு எதற்கு? அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் ஊருக்கும் கடைசியில் ஒரு எச் உண்டு. 1891இல் அங்கேயும் ஒரு வாரியம்தான் அதை வெட்டியது. ஊர்க்காரர்களில் பலர் கேட்கவில்லை, பாட்டுக்கு எச் போட்டே எழுதிவந்தார்கள். இருபது வருடம் கழித்து, 1911இல், வாரியமே இறங்கிவந்து எச்சைத் திருப்பிக் கொடுத்தது. அங்கே ஊர் ஜெயித்தது, இங்கே ஏன் ஜெயிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையை அப்படியே வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

ஆங்கிலேயர் நம் ஊரை முதலில் திருவண்ணாமலை என்று எழுதவே இல்லை. 1767 செப்டம்பரில் இங்கே ஒரு போர் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை மறுபக்கம். அந்தக் காலத்து ஆங்கில எழுத்துகளில் ஊரின் பெயர் 'ட்ரினோமலி'. திருச்சிராப்பள்ளி ட்ரிச்சினோபோலி ஆனது, திருவல்லிக்கேணி ட்ரிப்ளிகேன் ஆனது, திருவனந்தபுரம் ட்ரிவேண்ட்ரம் ஆனது போலத்தான் இதுவும். 'திரு' என்றால் அவர்களுக்கு 'ட்ரி'.

இதை ஒழுங்குபடுத்தியதும் வெள்ளைக்கார அரசுதான். வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரி இந்தியப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஒரு முறை வகுத்தார். 1872இல் அரசு அதை ஏற்றது. அந்த முறையில் 'த' வந்தால் டி மட்டும் போட வேண்டும். டி-எச் என்பது இந்தியிலும் சமஸ்கிருதத்திலும் உள்ள, மூச்சு விட்டுச் சொல்லும் இரண்டாவது 'த'வுக்கு. தமிழில் அப்படி ஓர் எழுத்தே இல்லையே! ஆகவே நமக்கு எச் தேவையில்லை என்று ஆகிவிட்டது. ட்ரினோமலி போய், எச் இல்லாத இன்றைய ஸ்பெல்லிங் கெஜட்டியரில் ஏறிய வழி இதுதான். ஊர் 1911 வரை தென்னாற்காட்டில் இருந்தது, பிறகு வடாற்காட்டுக்குப் போனது, 1989 செப்டம்பர் 30 முதல் தனி மாவட்டம் ஆனது. இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகராமல் மூன்று மாவட்டம் பார்த்த ஊர் இது! அந்த ஸ்பெல்லிங் மட்டும் மாறாமல் கூடவே வந்தது. இன்றும் மாவட்ட நிர்வாகத்திலும், ரயில் நிலையப் பலகையிலும், தேர்தல் தொகுதிப் பட்டியலிலும் எச் கிடையாது.

பிறகு இந்த எச் எங்கிருந்து வந்தது? தமிழ்க் காதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் டி என்றால் நமக்கு 'ட'. 'டிரு'வண்ணாமலை என்று யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயத்தில் நாமே எச் போட்டுக்கொண்டோம். தஞ்சாவூருக்கும் தூத்துக்குடிக்கும் அது அதிகாரபூர்வமாகவே கிடைத்துவிட்டது. திருநெல்வேலிக்கும் திருப்பூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் கிடைக்கவில்லை. இதில் நியாயம் தேடாதீர்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு தரப்பும் பாதி சரி. எச் இல்லாவிட்டால் ஆங்கிலப் பள்ளியில் படித்த நம் பேரன் 'டிரு' என்பான். எச் போட்டால் வடக்கேயிருந்து வருபவர் மூச்சை விட்டு வேறொரு 'த' சொல்வார். நம்முடைய 'த' இரண்டுக்கும் நடுவில் பல்லில் நாக்கு தொட்டு நிற்கிறது, ஆங்கிலத்தில் அதற்கு எழுத்து இல்லை. அதுவும் போகட்டும். முக்கால் மணி நேரம் எச்சுக்காகப் பேசினோமே, பெயருக்கு நடுவில் இருக்கும் 'ண்ணா'வைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினோமா? இரண்டு என், ஓர் ஏ. அது அண்ணாவா, அன்னாவா, அன்னமா? ஆங்கிலத்தில் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

பேங்க்கில் இந்த எச் செய்யும் வேலை வேறு மாதிரி. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் எல்லாக் கிளைகளின் பெயரும் அகர வரிசையில் அச்சான ஒரு தடித்த புத்தகம் இருக்கும். டிமாண்ட் டிராஃப்ட் எடுக்க அதைத்தான் புரட்டுவோம். ஆங்கில வரிசையில் டி-எச் முன்னால் வரும், டி-ஐ பின்னால் வரும், நடுவில் பல பெயர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளியூர்க் கிளை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு பெரியவர் என் சொந்த ஊருக்கே டிராஃப்ட் கேட்டு வந்தார். நான் டி-எச் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அந்த ஊரில் நமக்குக் கிளை இல்லை ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் வெயிலில் அடுத்த பேங்க்குக்குப் போய்விட்டார். சாயங்காலம் ஹெட் கிளார்க் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. சரியான ஸ்பெல்லிங், தவறான ஸ்பெல்லிங் என்ற பேச்சு எனக்கு அன்றோடு போனது. எல்லாக் காகிதத்திலும் ஒரே ஸ்பெல்லிங் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

தமிழ்நாட்டில் இந்த விஷயத்துக்கு ஓட்டெடுப்பு என்ற ஏற்பாடே இல்லை. ஓர் ஊரின் பெயரை மாற்ற மாநில அரசு முடிவெடுத்து, மத்திய உள்துறையின் ஒப்புதல் வாங்க வேண்டும். ரயில்வே, தபால், நில அளவைத் துறைகளையும் கேட்பார்கள். ஊர்க்காரனுக்குச் சீட்டு கிடையாது. இதன் விளைவை 2020 ஜூனில் பார்த்தோம். கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் இருந்தபோது, 1,018 ஊர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியானது. மாவட்ட ஆட்சியர்கள் தலைமையில் குழுக்கள் அமைத்து, பட்டியல் வாங்கி, நிபுணர்கள் பார்த்துச் செய்ததுதான். நோக்கம் நல்ல நோக்கம். எழும்பூரை எக்மோர் என்றும் திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் என்றும் எத்தனை காலம் எழுதுவது?

ஆனால் பட்டியலைப் பார்த்ததும் ஊர் சிரித்தது. கோயம்புத்தூரில் 'த்தூ' வருவதற்கு டி-எச், டி-எச் என்று வரிசையாக நான்கு எழுத்து. வேலூரின் 'வே'க்கு இரண்டு ஈ போட்டார்கள், ஆங்கிலம் படித்தவர்கள் அதை 'வீலூர்' என்று வாசித்தார்கள். நமக்குப் பக்கத்து மாவட்டமாயிற்றே, என் மைத்துனர் வேலூரிலிருந்து போன் செய்து, "நாங்கள் இப்போது வீலூர், தெரியுமா?" என்று ஒரு வாரம் சிரித்தார். சமூக ஊடகங்களில் கேலி தாங்காமல் ஜூன் 18ஆம் தேதி ஆணை வாபஸ் ஆனது. பொதுமக்களின் பார்வைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

இப்போது வைத்துவிட்டு வந்த யோசனைக்குத் திரும்புவோம். அங்கே ஓட்டெடுத்தும் முடியவில்லை, இங்கே ஓட்டெடுக்காமல் செய்தும் நிற்கவில்லை. முதலில் நான் இரண்டும் ஒரே கதை என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. மாவோரி மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. அவர்கள் மொழியின் முதல் இலக்கணப் புத்தகம் 1820இல், தாமஸ் கெண்டல் என்ற மிஷனரியும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சாமுவேல் லீயும் சேர்ந்து செய்தது. அன்று முதல் ஆங்கில எழுத்துதான் அவர்களுக்கும் எழுத்து. ஆகவே அந்த ஊரின் பலகையில் எச் இல்லை என்றால், அவர்கள் பெயர் பிழையாக இருக்கிறது, அதைச் சரியாக எழுதிவைக்க வேறு இடமும் இல்லை. அதோடு அந்த ஊரில் மாவோரிகள் சிறுபான்மை. பெயர் அவர்களுடையது, ஓட்டுப் பெரும்பான்மை மற்றவர்களுடையது. எழுபத்தேழு சதவீதம் என்ற கணக்கு ஏன் முடிவாக இருக்க முடியவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுத்த வீட்டுக்காரரின் இனிஷியலை நாம் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய முடியுமா?

நம் நிலைமை அது இல்லை. நம் ஊருக்குத் தேவாரக் காலத்திலிருந்து தமிழில் பெயர் இருக்கிறது. அதில் 'தி'யும் 'ண்ணா'வும் ஒரு மயிரிழை பிசகாமல் நிற்கின்றன. ஆங்கிலத்தில் எச் போட்டாலும் எடுத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ட்ரினோமலி என்று எழுதிய காலத்திலேயே ஒன்றும் ஆகவில்லை.

ஆகவில்லை என்று எழுதிவிட்டு, மாலை வாக்கிங் முடித்துத் திரும்பும்போது நம் கேட்டின் முன் நின்று பலகையைப் பார்த்தேன். நீங்களும் இன்று ஒரு தடவை பாருங்கள். உரிந்தது, உரியாதது எல்லாம் சேர்த்து, அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. பில்டர் ஆங்கிலத்தில் ஸ்டைலாக வைத்துவிட்டுப் போனார், நாமும் இத்தனை வருடம் அதன் கீழே போய் வருகிறோம். கமிட்டியில் முக்கால் மணி நேரம் பேசியவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

போன தை மாதம் எங்கள் வீட்டுக்கு வேலைக்குச் சேர வந்த அம்மா, போனில் சொன்ன பெயரைத் தேடிக்கொண்டு இந்த கேட்டையே இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறார். மூன்றாவது முறை வாட்ச்மேன் கூப்பிட்டு விசாரித்ததால் உள்ளே வந்தார். "போர்டு இருக்கே, பார்க்கலையாம்மா?" என்று நான் வேறு கேட்டு வைத்தேன். "அது இங்கிலீஷு சார்" என்றார். அவர் நன்றாகத் தமிழ் படிப்பவர். தினமும் எங்கள் வீட்டுப் பேப்பரை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

இந்த ஊருக்கு வந்து சேர்வதில் பலகைக்குப் பங்கு உண்டு என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய சம்பவத்திலும் இருக்கிறது. 1896இல் பதினாறு வயது வேங்கடராமன் மதுரையிலிருந்து கிளம்பினார். அவருக்கு முதலில் காதில் விழுந்த பெயர் அருணாசலம். அது திருவண்ணாமலைதான் என்று ஓர் உறவினர் சொல்லித்தான் தெரியும். பார்த்த அட்லஸ் பழையது, ஊர் வரைக்கும் ரயில் வந்துவிட்டது அதில் இல்லை. திண்டிவனம் வரை டிக்கெட் எடுத்தார், இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. ரயிலில் ஒரு மௌல்வி சொன்னதால் விழுப்புரத்தில் இறங்கினார். அங்கே தெருத் தெருவாக வழிகாட்டிப் பலகைகளைப் படித்துக்கொண்டு அலைந்தார். தேடிய ஊரின் பெயர் எதிலும் இல்லை. மாம்பழப்பட்டு என்ற பெயர்தான் கண்ணில் பட்டது. மிச்சமிருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரை ரயிலில் போய், அங்கிருந்து நடந்தார். செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தார். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தவர்.

சரி, பொதுக்குழு விஷயத்துக்கு வருகிறேன். எச் கேள்விக்கு என் ஓட்டு 'வேண்டாம்'. சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், பான் கார்டு, பேங்க் கணக்கு மூன்றிலும் எச் இல்லை. பலகையில் மட்டும் போட்டால் சட்டப்படி ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் பலகையைப் பார்த்து லெட்டர்ஹெட் அடிப்பார்கள், லெட்டர்ஹெட்டைப் பார்த்து செக் எழுதுவார்கள், அப்புறம் நான்தான் கே.ஒய்.சி. பேப்பரை எடுத்துக்கொண்டு கிளைக்கு அலைய வேண்டும். பெரும்பான்மை எச் வேண்டும் என்றால் எனக்கு வருத்தம் இல்லை, அலைகிறேன்.

ஆனால் சீட்டில் இன்னொரு கேள்வியும் வேண்டும் என்று செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆங்கில வரிக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், தமிழில் ஒரு வரி. பெயிண்டரிடம் பேசிவிட்டேன். இப்போதுள்ள பலகையின் உயரம் போதாது, ஒன்றரை அடி கூட்ட வேண்டும், இரும்புச் சட்டமும் மாற்ற வேண்டும் என்கிறார். திருத்திய கொட்டேஷன் கையில் இருக்கிறது. கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன், பார்த்துவிட்டு டிக் அடியுங்கள்.